எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு ஆள் சேர்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து குழு திரட்டி நேபாளம் அழைத்துப்போகும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவர் மூலமாகத்தான் நானும் போனேன். பெயர் வேண்டாம்.

நாம்சே பஜாரில், 3,440 மீட்டரில், ஒரு நாள் தங்கி உயரத்துக்கு உடம்பைப் பழக்கினோம். அடுத்த ஓய்வு டிங்போச்சேயில், 4,410 மீட்டரில். எங்கள் கைடு அதை வெட்டிவிட்டார். "எல்லாரும் நன்றாகத்தானே நடக்கிறீர்கள்" என்றார். அவருடைய அரைகுறை ஆங்கிலத்திலும் அது எங்களுக்குப் பெருமையாகத்தான் கேட்டது. ஒருவரும் மறுக்கவில்லை, நான் உட்பட.

மறுநாளே லொபுச்சே, 4,940 மீட்டர். மூவாயிரத்துக்கு மேல் போனால், தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பார்கள். இது 530, அதுவும் ஓய்வே இல்லாமல். அன்றிரவு நண்பருக்குத் தலைவலி, வாந்தி. கழிவறைக்குப் போகையில் குடித்தவர்போலத் தள்ளாடினார். கைடு பூண்டு சூப் வாங்கிக் கொடுத்தார். "காலையில் சரியாகிவிடும், இல்லையென்றால் ஹெலிகாப்டர் சொல்கிறேன்" என்றார்.

தள்ளாட்டம் வந்துவிட்டால் காலைவரை காத்திருக்கக் கூடாது. மூளையில் நீர் கோத்திருக்கலாம். உடனே இறக்க வேண்டும். அதைச் சொன்னவர், எல்லாரும் தீதி (அக்கா) என்று கூப்பிடும் லாட்ஜ்கார அம்மா. டார்ச் வெளிச்சத்தில் நண்பரைத் தாங்கியபடி பெரிச்சே வரை இறங்கினோம். சீசனில் இமயமலை மீட்புச் சங்கம் 1973 முதல் அங்கே மருத்துவமனை நடத்துகிறது. நண்பர் பிழைத்தார்.

கைடைத் திட்டித் தீர்த்தேன். அப்புறம்தான் அவர் கையிலிருந்த தாளைக் காட்டினார். எங்களுக்கு அனுப்பிய அட்டவணையில் டிங்போச்சேயில் இரண்டு இரவு. அவருக்குக் கொடுத்த தாளில் ஒன்றுதான். ஒரு நாள் குறைந்தால் ஒரு நாள் சாப்பாடும் அறையும் கூலியும் மிச்சம், இல்லையா? குழு முகாமைத் தொடாவிட்டால் டிப்ஸும் வராது என்றார்.

ஹெலிகாப்டரை அவ்வளவு சுலபமாகச் சொன்னது இன்னும் உறுத்துகிறது. காப்பீட்டுப் பணத்துக்காகப் போலி மீட்புகள் நடப்பதை 2018இல் நேபாள அரசின் விசாரணையே வெளிக்கொண்டு வந்தது. எங்களவர் அப்படிப்பட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் சந்தேகப்பட வைத்துவிட்டீர்கள்.

உங்கள் விளம்பரங்களில் அக்டோபர் குழுக்களுக்கு முன்பதிவு தொடங்கிவிட்டது. கைடுக்குத் தரும் அதே தாளை வருகிறவர்களுக்கும் கொடுங்கள். பாதியில் திரும்பினாலும் அவருக்கு முழுக் கூலி உண்டு என்று அதிலேயே எழுதுங்கள். என்னிடம் இரண்டு தாள்களின் படமும் இருக்கிறது, கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
லொபுச்சேயிலிருந்து இரவோடு இரவாக இறங்கியவன்