அக்காவுக்கு, இங்கிலாந்து லீட்ஸ்லேருந்து

அக்கா,

நீ எழுதுனது வந்து பதினோரு நாளாச்சு, தினம் பதில் எழுதலாம்னு உக்காருவேன், நைட் டூட்டி முடிஞ்சு வந்தா கண்ணு சொருகிடும். ஃபோன்ல பேசலாம்னா அம்மா பக்கத்துலயே இருப்பாங்க, அவங்கள பத்தி அவங்க முன்னாடியே என்னத்த பேசுறது. அம்மா ரெண்டாவது தடவ விழுந்தத நீ மறைச்சிட்ட, குட்டி வாய் தவறி உளறித்தான் எனக்கு தெரியும். சரி விடு, நான் மட்டும் எல்லாத்தையும் சொல்றனா.

இங்க சாயங்காலம் 4 மணிக்கே இருட்டிடுது. தெருமுனைல மஞ்ச பொட்டில உப்பு வெச்சிருக்காங்க, சமையலுக்கு இல்ல, தரைல ஐஸ் கட்டுனா தூவ. பூனை வளக்குற நம்ம பக்கத்து வீட்டு பாட்டி போன வருஷம் அந்த உப்ப அள்ளப் போயே வழுக்கி விழுந்துச்சு, 81 வயசு, இடுப்பு தப்பிச்சுது, மணிக்கட்டு போச்சு. கட்டு பிரிச்சு மாசக்கணக்காயும் வாசப்படி தாண்டல, பூனைக்கு பால் வாங்கக்கூட என்னத்தான் அனுப்பும்.

இப்ப அதுக்கு ஒரு கிளாஸ். மைண்ட்ஃபுல்னஸ்னு, அதாவது இப்ப நடக்கறதுல கவனத்த வெக்கப் பழகற தியானம், 8 வாரம், விழுந்து எழுந்த வயசானவங்களுக்குன்னே சர்ச் ஹால்ல நடத்துறாங்க. செவ்வாக்கிழமை எனக்கு லீவுங்கறதால நான்தான் கூட்டிட்டு போறேன். டீ பிஸ்கட் உண்டு, ஹீட்டரும் நல்லா போடுவாங்க, வீட்ல நான் ஹீட்டரே போடுறதில்ல, குளிர் பழகிடுச்சு.

மொத நாள் கைல ஒரே ஒரு காஞ்ச திராட்சைய குடுத்து பாரு, தடவு, மோந்து பாருன்னு பத்து நிமிஷம் ஓட்டுனாங்க. நம்ம வீட்ல பாயசத்துக்கு வெச்சத சாமி மாடத்துலேருந்து ஒரு பிடி அள்ளி வாயில போட்டுட்டு ஓடுவோமே, எனக்கு சிரிப்பு தாங்கல. ஜான் கபாட்-ஜின்னு ஒருத்தர் 1979ல அமெரிக்கால மாசசூசெட்ஸ்ல, வலி தீராத பேஷண்டுகளுக்காக ஆரம்பிச்சதாம். அடிப்படை புத்தர் தியானம்தான், நம்ம சித்தப்பா பத்து நாள் விபாசனான்னு போயி மூணாம் நாளே பை தூக்கிட்டு வந்தாரே அதே வகையறா.

ஆனா டீச்சரம்மா சொன்ன ஒரு விஷயம் அம்மாவுக்குன்னே சொன்ன மாதிரி இருந்துச்சு. 65 தாண்டுனவங்கள்ல மூணுல ஒருத்தர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது விழறாங்களாம். விழுந்தவங்க பயத்துல நடக்காம உக்காந்துடுறாங்க, காலு வலுவிழக்குது, அப்புறம் அதனாலயே திரும்ப விழறாங்க. நடந்தாலும் ஒடம்ப வெறைப்பா வெச்சுகிட்டு, புத்தி பூரா "விழுந்துடுவேனோ"லதான் இருக்கும், பாதம் தரைல எப்படி பதியுதுன்னு கவனிக்காது. அந்த பயத்த வெரட்ட வேணாம், பயம் வந்துருக்குன்னு பாத்துட்டு கவனத்த உள்ளங்காலுக்கு கொண்டு வாங்கன்னு பழக்குறாங்க. இது மட்டும் பத்தாது, காலுக்கு பயிற்சியும் பாத்ரூம்ல கைப்பிடியும் கட்டாயம்னு அவங்களே சொல்லிட்டாங்க.

போன வாரம் நடக்கற தியானம். ஒரு காலு தூக்கு, நகத்து, வை. எல்லா கெழடும் சுவரோரமா மெதுமெதுவா போகுது, பாட்டி என் தோளு மேல கை வெச்சிருக்கு. பாத்துகிட்டே இருந்தேன், திடீர்னு புரிஞ்சுது, இது அடிப்பிரதட்சணம்க்கா. எனக்கு விசா வரணும்னு அம்மா பெருமாள் கோயில்ல 11 சுத்து வந்தாங்களே, குதிகால ஒட்டி விரல் வெச்சு, வெயில்ல. நான் தூண்ல சாஞ்சு ஃபோன் பாத்துகிட்டு நின்னேன். அங்கயே அழுதுட்டேன், பாட்டி என்னமோ ஏதோன்னு பாதி பிஸ்கட்ட என் கைல திணிக்குது.

அதனால அம்மாவ கட்டில்லயே வெச்சிராத. காலைல கூடத்துலயே மூணு சுத்து அடிப்பிரதட்சணம் மாதிரி போகச் சொல்லு, ஒரு கை சுவத்துல, நீ பக்கத்துல சும்மா நில்லு, புடிச்சு இழுக்காத, "பாத்து பாத்து"ன்னு கத்தாத. எந்திரிச்ச ஒடனே நடக்க விடாத, ரெண்டு நிமிஷம் உக்காரட்டும். கொல்லைல ஆடுற அந்த கல்ல மாமாவ விட்டு பேத்து எடு, பாத்ரூம்ல கைப்பிடி போட கொத்தனாருக்கு நாளைக்கே சொல்லிடு, காசு நான் அனுப்புறேன். இந்த வாரம் இல்ல, அடுத்த வாரம்.

நகைய திருப்பறது தையில முடியாது போலருக்கு, வட்டிய மட்டும் கட்டி மாத்தி வை. டிக்கெட் வெல ஏறிக்கெடக்கு, சித்திரைல பாப்போம், அம்மாகிட்ட எனக்கு லீவு கெடைக்கலன்னே சொல்லு. குட்டிக்கு ஃபீஸ் கட்டிட்டியா?

பாட்டி கதவ தட்டுது, பூனைய காணோமாம். வெக்கிறேன்.

தம்பி