தோஷம் சொல்பவரே பரிகாரம் விற்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் கும்பகோணத்தில் ஜாதகம் பார்ப்பவன். தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இதுதான் தொழில். உங்கள் ராசிபலன் பக்கத்தைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. அதற்குக் கீழே வரும் வரி விளம்பரங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். 'ஒரே நாளில் வசியம்', 'பிரிந்தவர் சேருவர்', 'கடன் தீர, எதிரி விலக, 100 சதவீத உத்தரவாதம்' என்று ஒரு செல்போன் எண்ணோடு வருகின்றனவே, அவைதான். படிக்கிறவர்கள் அந்த விளம்பரம் போடுபவரையும் என்னையும் ஒரே தட்டில்தான் வைக்கிறார்கள். அதில் தப்பும் சொல்ல முடியாது, நாங்கள் யாரும் வாயைத் திறப்பதில்லையே.

2025 ஏப்ரலில் பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு அம்மா என்னிடம் வந்தார். மகனுக்கு அஸ்வினி நட்சத்திரம், மேஷ ராசி. மார்ச் 29-ஆம் தேதி சனி மீனத்துக்கு வந்தாயிற்று, பையனுக்கு ஏழரைச் சனி ஆரம்பம், உடனே பரிகாரம் செய்யாவிட்டால் வண்டியில் கண்டம் என்று யூடியூபில் பேசும் ஒருவர் போனிலேயே சொல்லியிருக்கிறார். தோட்டை அடகு வைத்து, தெரிந்த பையன் ஒருவன் மூலமாக ஜிபேயில் 11,500 ரூபாய் அனுப்பியிருக்கிறார் அந்த அம்மா. கூரியரில் வந்ததை மஞ்சப்பையிலிருந்து எடுத்து என் முன்னால் பரப்பினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு, கறுப்புக் கயிறு, பிளாஸ்டிக் டப்பாவில் எள். அப்புறம் போனில் ஒரு வீடியோ: ஹோமத்துக்கு முன்னால் உட்கார்ந்து யாரோ பெயர்ப் பட்டியல் வாசிக்கிறார்கள், அதில் இவர் மகன் பெயரும் வருகிறது. அதையும் தப்பாக வாசித்துவிட்டார்கள். பணம் போனது அந்த அம்மாவுக்குப் பெரிதாகப் படவில்லை. "பேரு மாறிப்போச்சே சாமி, பலிக்குமா?" என்பதுதான் அவர் கேள்வி.

திருநள்ளாறு கோயிலே அந்த மார்ச் 29-ஆம் தேதி அங்கே சனிப்பெயர்ச்சி இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அந்தக் கோயில் பழைய வாய்பாட்டுச் செய்யுள்களை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பது. அந்தக் கணக்கில் சனி மீனத்துக்கு மாறுவது 2026 மார்ச் 6. இன்றைய வானியல் கணக்கை ஒட்டித் திருத்திய திருக்கணிதம் பார்ப்பவர்களுக்குத்தான் 2025-லேயே பெயர்ச்சி. கும்பத்துக்கு மாறியபோதும் இதே கதைதான். திருக்கணிதத்தில் 2023 ஜனவரி, திருநள்ளாற்றில் அதே ஆண்டு டிசம்பர் 20. இரண்டு கணக்குக்கும் ஏறக்குறைய ஒரு வருஷ இடைவெளி. வாக்கியமா திருக்கணிதமா என்ற சண்டை பழையது, அதை இந்தக் கடிதத்தில் தீர்க்க எனக்கு ஆசையில்லை. நான் வாக்கியம், பக்கத்துத் தெரு நண்பர் திருக்கணிதம், இருவரும் ஒரே கடையில்தான் காபி குடிக்கிறோம். ஆனால் எந்தக் கணக்கு என்று சொல்லாமலே பலன் சொல்வதும், 2025-ல் ஒரு தடவை, 2026-ல் இன்னொரு தடவை என்று ஒரே மேஷ ராசிக்காரரிடம் வாங்குவதும் எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது? சனிக்குப் பெயர்ச்சி ஒன்று, வசூல் மட்டும் இரண்டு!

என் கருத்தில் எல்லா வம்புக்கும் வேர் ஒன்றுதான். தோஷம் இருக்கிறது என்று சொல்பவரே பரிகாரத்தையும் விற்கிறார். சீட்டு எழுதும் டாக்டரே மருந்துக்கடையும் வைத்து, ஒரு மாத்திரைக்குப் பத்து மாத்திரை எழுதுவது போல. தகடு விற்றால்தான் கடை வாடகை என்று ஆகிவிட்டால், ஜாதகத்தில் தோஷம் தெரியாமல் எப்படிப் போகும்? வைத்தீஸ்வரன் கோயிலில் நாடி, அதாவது ஓலைச்சுவடி ஜோதிடம், பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும். கட்டைவிரல் ரேகை கொடுத்து, ஓலை கிடைத்து, பொதுக் காண்டம் படிக்கிறவரை செலவு கையைக் கடிக்காது. 13-ஆம் காண்டம், அதாவது சாந்தி காண்டம் வந்ததும்தான் முற்பிறவிப் பாவமும் அதற்கான பூஜைச் செலவும் வெளியே வரும். எந்தெந்தக் கோயிலில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, "நீங்களே போய்ச் செய்துகொள்ளுங்கள்" என்று அனுப்பும் நாடிக்காரர்களை நான் அறிவேன். "பணத்தைக் கொடுங்கள், உங்கள் சார்பில் நாங்களே செய்துவிடுகிறோம்" என்பவர்களையும் அறிவேன். இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் கோடு போட வேண்டும் என்கிறேன்.

எங்கள் அப்பா காலத்தில் எழுதாத சட்டங்கள் சில இருந்தன. ஆயுளைக் கேட்டால் சொல்லக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணிடம் பயமுறுத்தும் பலன் கூடாது. பொருத்தம் பார்க்கும்போது 'பெண் மூலம் நிர்மூலம்' என்று பழமொழியை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுக்கக் கூடாது. தட்சிணை வெற்றிலையில் வைப்பதுதான், வாயால் கேட்பதில்லை. பரிகாரம் என்றால் நெய் விளக்கு, நாலு பேருக்குச் சோறு, முடிந்தால் ஒரு கோயில் தரிசனம். இதிலெல்லாம் ஜோதிடருக்குக் காலணா கிடையாது. ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால் அந்தக் கட்டுப்பாடு நின்றது. இன்றைக்குப் போனில் பேசுபவர் எந்த ஊர் என்றே தெரியாது.

குறி சொல்பவர்களிலும் அந்தக் கட்டுப்பாடு உள்ளவர்கள் உண்டு. எங்கள் பக்கத்துக் கிராமத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை அருள்வாக்கு சொல்லும் ஒரு பாட்டி இருக்கிறார். விபூதியும் எலுமிச்சம்பழமும்தான் கொடுப்பார், காசு உண்டியலுக்கு. தலைசுற்றல் என்று வந்த ஒரு ஆளிடம் அருள் வந்த குரலிலேயே "ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தத்த சோதிச்சுட்டு வாடா, அப்புறம் ஆத்தாகிட்ட வா" என்று விரட்டியதை நானே பார்த்தேன்.

சங்கங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. மாநாடு நடத்துகிறார்கள், சால்வை போடுகிறார்கள், பட்டம் கொடுக்கிறார்கள். எனக்கும் ஒன்று வந்தது, பதிவுக் கட்டணம் கட்டிய கையோடு. கேடயம் அலமாரியில் இருக்கிறது. ஆனால் ஏமாந்த ஒருவர் போய்ப் புகார் சொல்ல ஒரு ஆளோ, புகார் வந்தால் உறுப்பினரை நீக்கும் ஒரு விதியோ நான் கேள்விப்பட்ட எந்தச் சங்கத்திலும் இல்லை.

சட்டமும் ஓரளவுக்குத்தான் வரும். மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் தொடர்பான 1954-ஆம் ஆண்டு விளம்பரச் சட்டத்தின்படி, தாயத்து, மந்திரம், கவசம் கொண்டு நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது குற்றம். முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை. அந்தப் பட்டியலில் சர்க்கரை நோய், புற்றுநோய், வலிப்பு, பெண்களின் மலட்டுத்தன்மை எல்லாம் உண்டு. மருந்து விளம்பரமானால் வெளியிடுவதில் பங்கெடுப்பவரும் அதில் மாட்டுவார் என்பதை ஆசிரியர் கவனிக்கவும். ஆனால் வசியம், கடன், எதிரி எல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. அந்தச் சந்தில்தான் உங்கள் வரி விளம்பரங்கள் ஓடுகின்றன. மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கையை எதிர்த்துப் போராடிய நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு 2013-ல் நரபலி, பில்லிசூனியத்துக்கு எதிராகத் தனிச் சட்டம் வந்தது, கர்நாடகத்தில் 2017-ல். இங்கும் ஒருநாள் வரும். அப்போது தகடு விற்பவனையும் பஞ்சாங்கம் பார்ப்பவனையும் போலீஸ்காரர் பிரித்துப் பார்ப்பார் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

கட்டுப்பாட்டை உள்ளேயிருந்தே வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியைச் சொல்ல வேண்டும். தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைச் சுற்றி யார் யாரோ காப்பகம் என்று கீற்றுக்கொட்டகை போட்டுக் காசு வாங்கினார்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அப்படி ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர் போனது. அதற்கு அப்புறம்தான் அரசு வந்தது, நீதிமன்றம் வந்தது, காப்பகங்களை மூடினார்கள். அந்தச் சங்கிலிகள் அதற்கு முன்னாலும் ஊர்க்கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தன.

பகுத்தறிவு பேசும் நண்பர்கள் சிரிப்பார்கள், பொய்க்கு என்னய்யா ஒழுக்க விதி என்று. ஜோதிடம் மெய்யா பொய்யா என்பதை அவர்களோடு இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பேசத் தயார். அதுவரைக்கும் அந்தப் பட்டுக்கோட்டை அம்மாவின் தோடு அடகுக்கடையில் இருக்கலாமா?

என் வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறேன். 'வாக்கியப் பஞ்சாங்கம். ஜாதகம் பார்க்க 300 ரூபாய். தகடு, கல், ஹோமம் இங்கே கிடையாது. ஆயுள், நோய் பற்றிக் கேட்க வேண்டாம்.' தெருவில் இன்னும் இரண்டு பேர் வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். மூன்றாமவர் முடியாது என்றார். "ராசிக்கல்லை நிறுத்தினால் பொண்ணு காலேஜ் பீஸ் யார் கட்டுவது?" என்று கேட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கட்டணத்தைக் கூட்டி எழுதுங்கள், ஆனால் பலகையில் எழுதுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்கிறாராம்.

உங்களிடம் கேட்பதும் அவ்வளவுதான். ஜோதிட விளம்பரம் வாங்கும்போது முகவரி, கட்டணம், எந்தப் பஞ்சாங்கம் என்ற மூன்றையும் விளம்பரத்திலேயே அச்சிடச் சொல்லுங்கள். 'உத்தரவாதம்' என்ற சொல் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். வருமானம் குறையும் என்பது தெரியும், எனக்கும் குறைந்திருக்கிறது. அடுத்த குருப்பெயர்ச்சி சிறப்பு மலருக்கு முன்னால் உங்கள் விளம்பரப் பிரிவு ஒரு முடிவு சொன்னால், எங்கள் தெருக்காரர்களிடம் காட்ட எனக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஜோதிடர், கும்பகோணம்.