நம் சங்கத்தின் ஆண்டறிக்கை: கைபேசிப் பச்சையும் கறுப்புக் கோடும்

தலைவர் அவர்களுக்கும், பவானியிலிருந்தும் ஆற்றுக்கு அக்கரை குமாரபாளையத்திலிருந்தும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நெசவாளர், சாயக்காரர், வடிவம் வரைவோர் அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு அறிக்கையை வாசித்து முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது என்று குறை வந்தது. ஆகவே கூட்ட விவரங்களையும் வருகைப் பதிவையும் பலகையில் ஒட்டிவிட்டேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நிறம் தேடி எங்கெல்லாம் போனோம், எதைக் கொண்டு வந்தோம் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

சித்திரையில் ‘வாரம் ஒரு படம்’ என்று கைபேசிக் குழுவில் ஓர் ஏற்பாடு தொடங்கினோம். கண்ணுக்குப் பிடித்த நிறச் சேர்க்கை எதுவானாலும் அனுப்பலாம். முதல் மாதம் வந்தவை பெரும்பாலும் காலை வணக்க ரோஜாக்கள். பிறகு சூடு பிடித்தது. போலந்தில் சலிப்யே என்ற கிராமத்தில் வீட்டுச் சுவர் முழுக்கப் பெண்கள் பூ வரைந்திருப்பது வந்தது. ஜப்பானில் ஊருக்கு ஊர் வெவ்வேறு சித்திரம் வார்த்து வண்ணம் தீட்டிய சாக்கடை மூடிகள் வந்தன. “நம் ஊரில் மூடி இருந்தாலே போதும்” என்று ஒருவர் எழுதினார்; அன்றைக்கு அதற்குமேல் விவாதம் நகரவில்லை. 1960களில் அமெரிக்காவில் மதராஸ் என்ற கட்டம் போட்ட பருத்தித் துணியை ‘சாயம் போகும்’ என்பதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்ற கதையும் வந்தது. சாயம் போனதற்காகத் திரும்பி வந்த சரக்கை வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் அதை மூன்று முறை படித்ததாகச் சொன்னார்.

ஆடியில் ஒரு சண்டை. படம் ஒன்றில் இருந்த மயில்பச்சை எல்லோருக்கும் பிடித்துப்போய், அதே நிறத்தில் ஊடை நூல் (தறியில் குறுக்கே ஓடுவது) வேண்டும் என்று சாயப் பட்டறைக்குச் சொல்லி அனுப்பினோம். நூல் வந்ததும் “இது அந்தப் பச்சை இல்லை” என்றார்கள் பாதிப்பேர். ஐந்து கைபேசிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஐந்து பச்சை! திரை தானே ஒளி விடுகிறது. நூலோ தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கைத்தான் திருப்பித் தருகிறது. குழல்விளக்கில் ஒன்றாகவும் வெயிலில் வேறாகவும் தெரியும் நூலைத் திரையோடு ஒப்பிட்டது நம் தவறு. “இனிமேல் படம் கொண்டு வராதீர்கள் அம்மிணி, ஒரு முழம் நூல் கொண்டு வாருங்கள்” என்று சாயக்காரப் பெரியவர் நம் துணைச் செயலாளரிடம் சொல்லிவிட்டார். அதன் பயனாகத்தான் சாய அட்டை செய்தோம். அட்டையில் நூலைச் சுற்றி, பின்புறம் சாயத்தின் அளவும் நூலைச் சாயத்தில் முக்கி வைத்த நேரமும் எழுதி வைத்திருக்கிறோம். இந்த ஆண்டில் உருப்படியாகச் செய்த வேலை எது என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

ஆகஸ்ட் 7, கைத்தறி நாளில் மண்டபத்துச் சுவரில் வேட்டி கட்டிப் படம் காட்டினோம். இளைய உறுப்பினர் ஒருவர் இணையத்தில் தோண்டி எடுத்த புதையல் அது. 1866இல் லண்டன் இந்தியா அலுவலகத்தைச் சேர்ந்த ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகளாகத் தொகுத்தார். மொத்தம் 700 மாதிரிகள். இப்படி 20 செட். 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. இங்குள்ளவர்கள் என்ன உடுத்துகிறார்கள், எந்தக் கரையை விரும்புகிறார்கள் என்று அங்குள்ள ஆலைக்காரர்கள் தெரிந்துகொண்டு அதேபோல் நெய்து இங்கேயே விற்க வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு பாடு. ஒவ்வொரு துண்டாகத் திரையில் வர வர மண்டபம் அமைதியாகிவிட்டது. கரைகளின் அழகு ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். ஆலைத் துணியின் போட்டி தாங்காமல்தான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பவானியில் ஜங்கமர் என்ற நெசவுச் சமூகத்தார் முரட்டு நூலில் பட்டை பட்டையாக ஜமக்காளம் நெய்யத் தொடங்கினார்கள் என்பார்கள். அப்படியானால் நாம் சோறு தின்னும் தொழிலுக்கும் அந்தப் போட்டிக்கும் தொடர்பு உண்டு. இதை யார் சொன்னாலும் முகத்தைச் சுளிக்கும் முன்னாள் தலைவர், அன்று கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார்.

ஐப்பசியில், பூப்போட்ட தரைக்கல்லுக்குப் பெயர்போன செட்டிநாட்டு ஆத்தங்குடிக்குப் பயணம். வேனில் விடியுமுன் கிளம்பி, கரூரிலேயே இருவருக்கு வாந்தி. போய்ச் சேர்ந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அதன்மேல் மணலும் சிமெண்டும். சூளையில் சுடுவதே இல்லை. தண்ணீரில் ஊறி, காய்ந்து முடிந்ததும் தகட்டை எடுத்தால் பளபளப்பு. அது கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்ததுதான்.

எல்லோரும் பூக்களைப் படம் பிடித்தார்கள். பூவை வைத்து நமக்கு என்ன செய்ய? ஜமக்காளத்தின் முரட்டு ஊடையில் வளைவு வராது, படிக்கட்டுதான் வரும். அந்தியூர் அக்கா ஒருவர் மட்டும் பூவை விட்டுவிட்டு, சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே ஓடிய மெல்லிய கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊருக்கு வந்ததும், குழிக்குள் கால் விட்டு நெய்யும் குழித்தறியில் இரண்டு பட்டைகளுக்கு இடையே நான்கு இழை கறுப்பு விட்டுப் பார்த்தார். ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்த சிவப்பும் பச்சையும் தனித்தனியே எழுந்து நின்றன. இன்று வாசலில் விரித்திருப்பது அதுதான். மிதித்துத்தான் உள்ளே வந்திருக்கிறீர்கள். போகும்போது குனிந்து பாருங்கள்.

பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம், சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல். அங்கு அகழாய்வில் கிடைத்த மணிகளின் நிறங்களைப் பார்க்கப் போக நினைத்தோம். மழையால் தள்ளிப்போனது.

இனி கசப்பான விஷயம். அக்காவின் கறுப்புக் கோட்டுப் படத்தை நம்மில் யாரோ பெருமையாக வெளியே அனுப்பிவிட்டார். சில வாரங்களில் அதே கோடு, அதே வரிசையில், விசைத்தறித் துணியாகக் கடைக்கு வந்துவிட்டது. 2005-06இலேயே பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, விசைத்தறியில் நெய்யக் கூடாது என்று கைத்தறிக்கென ஒதுக்கிய 11 இனங்களில் ஜமக்காளமும் ஒன்று. இருந்தும், எங்கே முறையிடுவது என்று விசாரித்தே இரண்டு மாதம் ஓடியது. அன்று வாட்சன் கத்தரிக்கோல் எடுத்தார்; இப்போது நாமே வெட்டி அனுப்புகிறோம்.

எனவே இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். தறியிலிருந்து இறங்கி விற்பனைக்குப் போகாத எதன் படமும் குழுவுக்கு வெளியே போகக் கூடாது என்பது முதலாவது. படமே அனுப்பக் கூடாது என்று முன்னாள் தலைவர் ஒரு திருத்தம் கொடுத்திருக்கிறார். அதை நான் எதிர்க்கிறேன், காரணத்தை விவாதத்தில் சொல்கிறேன். சாய அட்டைக்கு இன்னொரு பிரதி செய்யச் செலவு ஒதுக்குவது இரண்டாவது.

கொடுமணலுக்குத் தை மாதம் போகிறோம். பெயர் கொடுப்பவர்கள் காபிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். வேனில் முன் இருக்கை, கரூரில் வாந்தியெடுத்த இருவருக்கும் ஒதுக்கப்பட்டுவிட்டது.