ஓவியம் படிக்கக் கேட்கும் மகளுக்காக நாங்கள் போட்ட கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்காகத் தங்கள் நாளிதழில் வந்த வழிகாட்டிக் கட்டுரையில், மனசுக்குப் பிடித்த கலையைப் படித்தால் வருமானம் தானே தேடி வரும் என்று எழுதியிருந்தார்கள். என் மகள் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடக் கேட்டுக்கொண்டிருந்த நேரம். அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை.

நான் மன்னார்குடியில் போர்டு எழுதுகிறவன். 1986-இல், பதினைந்து வயதில், ஒரு ஆர்ட்டிஸ்ட் கடையில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் தகரத்துக்கு உப்புத்தாள் தேய்ப்பதும் பிரைமர் அடிப்பதும்தான். எழுத்துச் சீர்திருத்தம் 1978-லேயே வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் குருநாதர் 'லை' எழுதினால் பழைய துதிக்கை வளைவோடுதான் எழுதுவார். அதை ஒரே இழுப்பில் கொண்டுவர எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

தேர்தல்தான் எங்களுக்கு அறுவடை. மாதக்கணக்கில் முன்கூட்டியே கட்சிக்காரர்கள் சுவருக்கு வெள்ளையடித்து, தங்கள் பெயரை எழுதி இடம் பிடித்துவிடுவார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் விடிய விடிய எழுதுவோம். 1991 தேர்தலில் சம்பாதித்த பணத்தில்தான் அக்கா கல்யாணத்துக்குத் தோடு வாங்கினோம். பிறகு டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த காலத்தில் சுவர் எழுத்துக்குக் கெடுபிடி வந்தது. அப்போதே நான் விழித்திருக்க வேண்டும். கடைப் போர்டு இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

2005 வாக்கில் எங்கள் பக்கம் ஃப்ளெக்ஸ் வந்தது. பத்துக்கு எட்டு அடி போர்டை நான் மூன்று நாள் எழுதுவேன். அதை அரை மணி நேரத்தில், என் கூலியில் பாதிக்கு, போட்டோவும் சேர்த்து அடித்துக் கொடுத்தார்கள். அடுத்த பொங்கலுக்குள் என் ஆர்டர் கால்வாசியாகிவிட்டது. கடனுக்கு வாங்கி அடுக்கியிருந்த எனாமல் டின்கள் ஏடு கட்டிப் போயின. வட்டி மட்டும் மாதாமாதம் வந்தது.

ஊரில் அப்போது நாங்கள் ஒன்பது பேர். கைவாகில் எங்களில் முதல் ஆள் யாரோ அவர்தான் முதலில் தொழிலை விட்டார். சினிமா பேனரைத் தவிர வேறெதையும் அவர் தொட்டதில்லை. சுமாராக எழுதிய இன்னொருவர் கம்ப்யூட்டரில் டிசைன் செய்யும் கோரல் டிரா கற்றுக்கொண்டு இன்று மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார். நான் பள்ளிக்கூடச் சுவரில் திருக்குறள், லாரிக்குப் பெயர், நம்பர் பிளேட் என்று கிடைத்ததையெல்லாம் எழுதிக் கரையேறினேன். திறமையை மட்டும் நம்பச் சொல்கிறவர்கள் அந்த முதல் ஆளைப் பார்த்ததில்லை.

இதையெல்லாம் மகளிடம் மறைக்காமல் சொன்னேன். "கம்ப்யூட்டரே இப்ப படம் போடுதேப்பா" என்று அவளும் கேட்டாள். இருபது வருஷத்துக்கு முன் நான் கேட்ட கேள்வி அது.

என் மைத்துனர், "பேசாம இன்ஜினீயரிங் சேத்துவிடுங்க மச்சான்" என்றார். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தனியார் கல்லூரி, விடுதி எல்லாம் சேர்த்து நாலு வருஷத்துக்கு ஆறு லட்சம், அதுவும் வங்கிக் கடனில். அரசு கவின்கலைக் கல்லூரியிலும் நாலு வருஷம்தான். கட்டணம் குறைவு, வண்ணத்துக்கும் தங்குவதற்கும்தான் செலவு. ஓவியம் கைகொடுக்காமல் போனாலும் இருபத்திரண்டு வயதில் அவள் தலையில் கடன் இருக்காது. கடனோடு தொழில் இழந்தவன் நான். எனக்கு இதுதான் சின்ன ஆபத்தாகத் தெரிகிறது.

போன வருஷம் அவளைச் சென்னைக்கு அழைத்துப் போய் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைக் காட்டினேன். அதைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அவருக்குச் சம்பளம் இருந்தது. படிப்பை முடித்த மாணவர்களுக்கு என்ன வழி? படம் விற்று அரிசி வாங்க முடியாத காலம். எல்லோரும் சேர்ந்து, மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள், அந்த வருமானத்தைச் சேர்த்து நிலம் வாங்கினார்கள். 1966-இல் கிராமம் உருவானது. பாத்திக் சோறு போட்டது, மிச்ச நேரத்தில் ஓவியம் வரைந்தார்கள். கடற்கரை மணலில் நின்று இதை நான் சொன்னபோது மகள் ரொம்ப நேரம் பேசவில்லை.

ஊர் திரும்பியதும் தஞ்சாவூர் ஓவியத்துக்கு மக்கு வேலை, அதாவது சுண்ணாம்புப் பொடியும் பசையும் குழைத்துப் புடைப்பாக அமைக்கும் வேலை, கற்கப் போக ஆரம்பித்தாள். தங்க ரேக்கு விற்கிற விலையில், முன்பணம் வாங்காமல் பலகையைத் தொடாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஐயா, தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜெயித்தவர்களின் பேட்டியோடு, சாதாரணமாகப் பிழைக்கிற ஓவியர், தவில்காரர், போட்டோகிராபர் ஆகியோரின் ஒரு வருஷ வரவு செலவையும் அதே பக்கத்தில் போடுங்கள். எந்த மாதம் வேலை இல்லை, யார் பாக்கி வைத்தார்கள், வீட்டில் வேறு யார் சம்பாதிக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வரட்டும். என் கணக்கைக் கேட்டால் நோட்டோடு தருகிறேன். மகளின் விண்ணப்பத்தில் நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
போர்டு எழுதும் தொழிலாளி,
மன்னார்குடி.