ஆதம்பாக்கம் குடியிருப்போர் நலச்சங்க ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இன்றைய பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் 22 பேருக்கு நன்றி. பதிவேட்டில் இருப்பவை 94 வீடுகள்.

பொங்கல் கோலப் போட்டி, குடியரசு தினக் கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம் வழக்கம்போல் நடந்தன. மழைநீர் வடிகாலுக்காக நான்கு மனுக்கள் கொடுத்தோம். நான்குக்கும் ரசீது இருக்கிறது, வடிகால்தான் இல்லை.

மே மாத மும்பைப் பயணம் பற்றிக் கையெழுத்தில்லாத கடிதம் ஒன்று என் வீட்டு வாசலில் கிடந்ததால், அதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "கேளிக்கைப் பூங்காவுக்குப் போகச் சங்கம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் போன, மும்பை காட்கோபரில் 2013 முதல் இயங்கிவரும் கிட்ஸானியா, ராட்டினம் சுற்றும் இடமல்ல. 1999இல் மெக்சிகோவில் தோன்றிய யோசனை அது. பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ப ஒரு நகரத்தையே கட்டி வைத்திருக்கிறார்கள். நுழைவுச்சீட்டு விமானப் பயணச்சீட்டு மாதிரி இருக்கிறது. உள்ளே போகும் பிள்ளைக்கு ஒரு காசோலை. அதை வங்கியில் கொடுத்து 'கிட்ஸோ' என்ற அவ்வூர்ப் பணமாக மாற்றிக்கொள்ள வேண்டும். தீயணைப்பு வீரராகவோ மருத்துவராகவோ வேலை பார்த்தால் சம்பளம் உண்டு. சில இடங்களில் பிள்ளைதான் கட்டணம் கட்ட வேண்டும். பெற்றோர் கண்ணாடிக்கு வெளியேதான் நிற்கலாம். இரண்டாம் தெரு அப்பா ஒருவர் கண்ணாடியைத் தட்டித் தட்டி, பொம்மை நோயாளியை எப்படிப் பிடிப்பது என்று சைகை காட்டினார். எட்டு வயது மருத்துவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெயர் கொடுத்தவர்கள் 22 பிள்ளைகள். ரயில் ஏறியவர்கள் 14. கடைசி நாளில் "ஜோசியர் வேண்டாம் என்றார்" என்பது வரை காரணங்கள் வந்தன. டிக்கெட் ரத்துக் கட்டணத்துக்கு யாரும் வாய் திறக்கவில்லை. பயணச் செலவு அந்தந்தக் குடும்பத்துடையது. சங்கப் பணத்தில் வாங்கியவை ஒரு பதாகையும், போகும்போது சாப்பிட்ட தயிர்சாதமும் மட்டுமே. கடிதம் எழுதியவர் அந்தத் தயிர்சாதத்தைச் சாப்பிட்டவராகவும் இருக்கலாம்.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரிக்குச் சரி. விரிவான கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது. அவர் இன்று ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருக்கிறார்.

சந்தா பாக்கி 31 வீடுகள். அவற்றில் ஒரு வீட்டுப் பையன், ஊர் திரும்பிய மறுவாரம் சங்க அலுவலகத்துக்கு வந்து, கால்சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த கிட்ஸோ நோட்டுகளை எடுத்து மேசையில் நீவி வைத்தான். "தாத்தா பாக்கி வைத்திருக்கிறாராமே, இதில் எடுத்துக்கொள்ளுங்கள் மாமா" என்றான். இந்த ஆண்டு நினைவூட்டாமலே பாக்கி கட்ட வந்தவன் அவன் ஒருவன்தான். ரசீது போட வழியில்லாததால் கடலை மிட்டாய் கொடுத்து அனுப்பினேன். தாத்தாவிடம் இதைச் சொல்லவில்லை. இன்று கூட்டத்துக்கு வந்திருக்கிறார், இப்போது தெரிந்திருக்கும்.

மாநகராட்சிப் பணியாளர்களுக்கும், கூட்டம் நடத்த மாடியைத் தந்த உறுப்பினருக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்றுக்கொண்டால் மகிழ்ச்சியுடன் ஒதுங்குவேன். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன், யாரும் கை தூக்கவில்லை. காவலாளிக்கு 5ஆம் தேதி சம்பளம் கொடுத்தாக வேண்டும். அவர் கிட்ஸோ வாங்கமாட்டார். ரசீதுப் புத்தகம் படிக்கட்டுக்கு அருகிலுள்ள மேசையில் இருக்கிறது. சில்லறை இல்லாதவர்களுக்காகப் பக்கத்திலேயே கியூஆர் அட்டையும் ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்