ஐந்து நிமிட வேலைக்குக் கடல் தாண்டுகிறோம்

மதிப்பிற்குரிய மாவட்டச் சுகாதார அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். கெடா மாநிலத்தில் கூலிம் பக்கத்துத் தோட்டப் பட்டணம் ஒன்றில் தையல் கடை வைத்திருப்பவள் நான். இதே மடலை என் தங்கை மகன் மலாயில் எழுதித் தனியாக அனுப்புகிறான். தமிழில் எழுதுவது ஊர்க்காரர்களுக்காக. "நெஞ்சில் பேட்டரி வைத்திருக்கிறாளாம்" என்று கோயிலில் பேசிக்கொள்கிறார்களே, அவர்களும் படிக்கட்டும்.

பேட்டரி இல்லை. போர்ட் என்று பெயர். வலது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், பழைய ஐம்பது காசு அகலத்தில் ஒரு சின்ன டப்பி. அதற்கு சிலிக்கோன் மூடி. டப்பியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று பெரிய இரத்தக் குழாய்க்குள் இறங்கி, இருதயத்துக்கு வாசலில் நிற்கிறது. மார்பகப் புற்றுநோய்க்காக 2023-இல் பினாங்கில் வைத்தார்கள். கீமோ மருந்து கை நரம்பில் போனால் நரம்பு வெந்துவிடும், வெளியே கசிந்தால் சதையே புண்ணாகும். பெரிய குழாயில் இரத்தம் வேகமாக ஓடுவதால் மருந்து உடனே கலந்து போய்விடுகிறது. இந்த டப்பி இல்லையென்றால் என் கை இன்று ஊசியில் நூல் கோத்திருக்காது.

கீமோ முடிந்துவிட்டது. ஆனாலும் கொஞ்ச காலம் போர்ட் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சும்மா இருந்தால் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதனால் நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஊசி போட்டு, இரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்து, உப்புத் தண்ணீரை விட்டு விட்டுத் தள்ளிக் கழுவி, கடைசியில் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து கொஞ்சம் விட்டு மூட வேண்டும். சில இடங்களில் இதை மூன்று மாதம் வரைகூட நீட்டியிருக்கிறார்களாம். என் டாக்டரிடம் கேட்டேன், "பார்க்கலாம் ஆன்ட்டி" என்றார். சரி, அது அவர் பாடு.

அந்த ஐந்து நிமிட வேலைக்கு விடியும் முன்பே பஸ் பிடித்து பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரியில் பினாங்குத் தீவு, அப்புறம் இன்னொரு பஸ். மகன் மோட்டாரில் கூட்டிப்போகிறேன் என்கிறான். 2019-இலிருந்து பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு டோலும் இல்லை. ஆனால் நடுப்பாலத்தில் காற்று அடிக்கிற அடிக்குப் பின்னால் உட்கார எனக்குத் தைரியம் இல்லை. திரும்பி வந்து கடையைத் திறக்கும்போது பொழுது சாய்ந்துவிடும்.

எனக்காவது சொந்தக் கடை. எனக்குத் தெரிந்து இந்த ஊரில் போர்ட் வைத்தவர்கள் மூன்று பேர். ஒரு தம்பி செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறார். சீட் பெல்ட் நேராக டப்பி மேல்தான் விழும் என்பதால் குட் மார்னிங் துண்டை மடித்து நடுவில் வைத்துக்கொள்வார். ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. தவணையைத் தள்ளித் தள்ளிப் போட்டார். கடைசியில் போனபோது இரத்தம் திரும்பி வரவே இல்லை. உறைந்ததைக் கரைக்கிற மருந்தை உள்ளே விட்டு மணிக்கணக்கில் காக்க வைத்தார்கள். நல்ல வேளை, திறந்துகொண்டது. திறக்காமல் போயிருந்தால் எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டியதுதான்.

இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். கீமோ நடந்துகொண்டிருந்தபோது ஒரு ராத்திரி காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டியது, கூடவே நடுக்கம். கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. போர்ட்டிலேயே கிருமி ஏறியிருக்கலாம். ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போனோம். கையில் நான்கு இடத்தில் குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. நெஞ்சில் போர்ட் இருக்கிறது என்றேன். இளம் டாக்டர் ஒருவர் சாதாரண ஊசியை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நாற்பது வருடமாக ஊசியோடு பிழைக்கிறவள் நான். பனியன் துணிக்குச் சாதாரண ஊசி போட்டால் இழை அறுந்து ஓட்டை விழும். உருண்டை முனை ஊசி இழையை விலக்கிக்கொண்டு போகும். இதுவும் அப்படித்தான். சாதாரண ஊசி சிலிக்கோனைத் துளியாகக் குடைந்து எடுத்துவிடும், பிறகு அந்த வழியாகக் கசியும். போர்ட்டுக்கென்றே உள்ள ஹூபர் ஊசியின் முனை வளைந்திருக்கும், வாய் பக்கவாட்டில் இருக்கும். அது கீறிக்கொண்டு போகும், எடுத்ததும் மூடி தானாகச் சேர்ந்துகொள்ளும். (கண்டுபிடித்தவர் ஒரு பல் டாக்டராம்.) இப்படி ஆயிரம் தடவை குத்தினாலும் மூடி தாங்கும். டாக்டர் கோபப்படவில்லை. "இதை நான் தொட்டதில்லை ஆன்ட்டி" என்று ஊசியைக் கீழே வைத்தார். அந்த நேர்மைக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ஆனால் அந்தக் கட்டடத்திலேயே ஒரு ஹூபர் ஊசி இல்லை.

அப்பா காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு டிரஸ்ஸர்தான். கத்தி வெட்டுக்குத் தையலும் அவர்தான், பிரசவத்துக்கு ஓடி வருவதும் அவர்தான். இன்று அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. அதைத் திரும்பக் கேட்கவில்லை. நம் அரசு கிளினிக்கிலிருந்து இரண்டு மிஸ்ஸிகளை (நர்ஸ்களை) பினாங்குக்கு அனுப்பி, இதைப் பழகிவரச் செய்யுங்கள். ஹூபர் ஊசியும் ஹெப்பாரினும் கொஞ்சம் இருப்பில் வையுங்கள். சிரிஞ்சு பத்து மில்லிக்குக் குறையக் கூடாது. சின்ன சிரிஞ்சில் அழுத்தம் கூடிக் குழாயே வெடிக்கலாம். அவசரப் பிரிவிலும் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

கையுறை, கிருமிநாசினி, தோல் உலரும்வரை பொறுமை, இதெல்லாம் இல்லாமல் அரைகுறையாகச் செய்வதானால் வேண்டாம். அந்தக் குழாய் நேராக இருதயத்துக்குப் போகிறது. அதற்கு நாங்கள் ஃபெரியிலேயே போய் வருகிறோம்.

கெடாவில் ஞாயிற்றுக்கிழமை கிளினிக் திறந்திருக்கும், என் கடைக்கு அன்றுதான் லீவு. பழகி வந்த மிஸ்ஸிகளுக்கு முதல் ஆள் வேண்டுமென்றால், என் அடுத்த தவணைக்கு அங்கேயே வருகிறேன். மரத்துப்போகும் களிம்பை ஒரு மணி நேரம் முன்பே பூசிக்கொண்டு, முன்பக்கம் பொத்தான் வைத்த ரவிக்கையோடு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரி