செயின்ட் லூயிஸைச் சுற்றிக்காட்ட உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

செயின்ட் லூயிஸ், மிசௌரி

அன்புடையீர், வணக்கம்.

மே மாதம் பிறந்தால் போதும், ஊரிலிருந்து அப்பா அம்மாக்களும் அத்தை மாமாக்களும் இங்கே வந்து இறங்கத் தொடங்கிவிடுவார்கள். பிள்ளைகளுக்கோ வேலை. வந்தவர்களை நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்த்தி வைக்க முடியுமா? அவர்களுக்கு இந்த மிசிசிப்பிக் கரை நகரத்தைச் சுற்றிக்காட்டும் நாங்கள், அந்த வேலையைச் சுலபமாக்கித் தரும் உங்களுக்கு எழுதும் மடல் இது. பொதுப்படையாக நன்றி சொல்லிவிட்டுப் போனால் யாருக்கு, எதற்கு என்று தெரியாமல் போய்விடும். ஆகவே நீங்கள் செய்து வைத்திருப்பது என்ன, வருகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். இந்தக் கோடையில் விருந்தாளி வரப்போகும் வீட்டுக்காரர்களும் எட்டிப் படித்துக்கொள்ளட்டும்.

முதல் நன்றி, சொத்து வரி கட்டுகிறவர்களுக்கு. ஆம், உங்களுக்குத்தான். நகரத்திலும் சுற்றியுள்ள கவுன்டியிலும் வாழ்பவர்கள் 1971-இல் வாக்களித்து, தங்கள் சொத்து வரியில் ஒரு பங்கை மிருகக்காட்சிசாலைக்கும் அருங்காட்சியகங்களுக்கும் ஒதுக்கினார்கள். அந்த வரியால்தான் ஃபாரஸ்ட் பார்க்கில் உள்ள மிருகக்காட்சிசாலை, கலை அருங்காட்சியகம், வரலாற்று அருங்காட்சியகம், பக்கத்திலேயே இருக்கும் அறிவியல் மையம் நான்குக்கும் இன்றைக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளூர்க்காரர், வெளிநாட்டுக்காரர் என்ற பேதமும் இல்லை. ஆறு பேர் கொண்ட குடும்பம் கையை வீசிக்கொண்டு உள்ளே போகலாம். மற்ற பெருநகரங்களில் டிக்கெட் வாங்கிப் பழகியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் இலவசம் என்று எண்ணிக்கொண்டு போகிறவர்கள் வாசலிலேயே முகம் சுளிக்கிறார்கள். மிருகக்காட்சிசாலையின் வாகன நிறுத்தத்துக்கும், உள்ளே ஓடும் குட்டி ரயிலுக்கும், சில தனிக் காட்சிகளுக்கும் காசு உண்டு. பூங்காச் சாலைகளின் ஓரத்தில் இடம் கிடைத்தால் கார் நிறுத்தக் காசில்லை. வார இறுதியில் அந்த இடம் காலையிலேயே நிரம்பிவிடும். ஜூலையில் இங்கே 32 டிகிரி வெயிலோடு கடற்கரை ஊர்ப் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். மதியத்தில் போனால் விலங்குகள் நிழலில் படுத்துவிடும். பார்க்கிறவர்களும் அதையேதான் செய்ய வேண்டியிருக்கும். திறந்தவுடன் போய் ஆசிய யானைகளை முதலில் பார்ப்பது நல்லது. புளியோதரை கட்டிக்கொண்டு போகிறவர்கள் மெத்தென்ற துணிப் பையில் எடுத்துப் போகவும். கண்ணாடிப் பாட்டிலும் கெட்டியான பெட்டியும் வேண்டாம். ஸ்ட்ரா, பலூன் போன்றவை விலங்குகளின் வயிற்றுக்குள் போகக்கூடியவை. அவற்றைத் தடுக்கும் காவலாளிகளோடு வாதாடாதீர்கள்.

அங்கே 1904 உலகக் கண்காட்சிக்காக அமைத்த மாபெரும் பறவைக் கூண்டு இன்னும் நிற்கிறது. ஸ்மித்சோனியன் நிறுவனம் கட்டியது. கண்காட்சி முடிந்ததும் நகரம் 3,500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. மிருகக்காட்சிசாலை பிறந்ததே அந்தக் கூண்டிலிருந்துதான். அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கும் காலம் கடந்த ஒரு வணக்கம்.

இதே பூங்காவில் 2025 மே 16-ஆம் தேதி வீசிய சூறாவளி ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. விழுந்ததை அறுத்து, பாதையைத் திறந்து, மறுபடி நட்டுக்கொண்டிருக்கும் பூங்காப் பணியாளர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் தனியே நன்றி சொல்ல வேண்டும். பழைய படங்களைப் பார்த்து நிழலை நம்பி வருகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் கொண்டு வரவும். இன்னொன்று: மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை 11 மணிக்குச் சூறாவளி எச்சரிக்கைச் சைரன் ஊதினால் அது சோதனை ஓட்டம். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் இதை முன்னாலேயே சொல்லி வைக்காவிட்டால் பதறிப்போவார்கள். மற்ற நேரத்தில் ஊதினால் கேள்வி கேட்காமல் அடித்தளத்துக்கு இறங்க வேண்டும்.

மாலையில் மியூனி திறந்தவெளி அரங்கில் வழிகாட்டும் ஊழியர்களே, உங்களுக்கும் நன்றி. ஏறத்தாழ 11,000 இருக்கைகளில் பின்வரிசையில் உள்ள சுமார் 1,500 எப்போதும் இலவசம். முன்பதிவு கிடையாது, வரிசையில் முந்தியவருக்கே இடம். நாடகம் 8:15-க்கு, இலவச வாசல் திறப்பது 7 மணிக்கு. பிரபலமான நாடகம் என்றால் 6 மணிக்கே போய் நிற்கவும். மேடை வெகுதூரம் என்பதால் பைனாகுலர் இல்லாமல் முகம் தெரியாது.

இனி ஆர்ச், அதாவது ஆற்றங்கரையில் நிற்கும் ‘கேட்வே ஆர்ச்’ என்னும் மாபெரும் வளைவு. 630 அடி உயரம், அதே 630 அடி அகலம், வெளியே துருப்பிடிக்காத எஃகு. ஈரோ சாரினென் வடிவமைத்தது, 1965 அக்டோபர் 28-இல் இரண்டு கால்களும் உச்சியில் இணைந்தன. வெயிலில் தெற்குக் கால் விரிந்து கடைசித் துண்டு பொருந்தாமல் போய்விடக் கூடாதென்று தீயணைப்புக் குழாயால் தண்ணீர் பீய்ச்சிக் குளிரவைத்தார்கள். உச்சிக்குப் போகும் டிராமை இயக்கும் ஊழியர்களுக்கு எங்கள் நன்றி கொஞ்சம் அதிகமாகவே உரியது. ஒரே நாளில் எத்தனை முறை ‘குனிந்து உட்காருங்கள்’ என்று சொல்கிறீர்கள்!

வளைந்த காலுக்குள் சாதாரண லிஃப்ட் போக முடியாது. டிக் பவுசர் என்பவருக்கு வழி கண்டுபிடிக்க இரண்டு வாரம் கொடுத்தார்கள். அவர் லிஃப்டையும் ராட்டினத்தையும் கலந்து ஒன்றைச் செய்தார். ஒரு டிராமில் எட்டு உருண்டைப் பெட்டிகள், பெட்டிக்கு ஐந்து பேர். வளைவில் ஏற ஏறப் பெட்டி தன்னைத்தானே திருப்பிச் சமப்படுத்திக்கொள்ளும்; அப்போது ‘டக்’கென்று குலுங்கும், சத்தமும் வரும். எதுவும் உடையவில்லை, பயப்பட வேண்டாம். ஏற நான்கு நிமிடம், இறங்க மூன்று. கதவு நாலடி உயரம்தான். மூடிய இடத்தில் மூச்சுத் திணறும் என்று நினைப்பவர்களுக்காகக் கீழேயே ஒரு மாதிரிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

முழங்கால் வலி உள்ளவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது படிக்கட்டு. டிராம் ஏறவும் இறங்கவும் சேர்த்து 96 படிகளாவது உண்டு. சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் மேலே போகாது. மேலே கழிப்பறையும் இல்லை. போக முடியாதவர்கள் ஏமாந்து நிற்க வேண்டியதில்லை. 2018-இல் புதுப்பித்துத் திறந்த நிலத்தடி அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கிடையாது, அங்கேயே ஒரு மணி நேரம் பார்க்க விஷயம் இருக்கிறது. டிராம் டிக்கெட்டைக் கோடை வார இறுதிக்கு முன்பதிவு செய்யாமல் வந்து திரும்பிப் போகிறவர்கள் நிறைய. நேரத்துக்கு அரை மணி முன்னால் வரவும், ஏனென்றால் விமான நிலையத்தில் இருப்பதைப் போன்ற சோதனை உண்டு. பழம் நறுக்கக் கைப்பையில் கிடக்கும் சிறு கத்திதான் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் பொருள். ஆர்ச்சுக்கென்று தனி வாகன நிறுத்தம் இல்லை. நகரக் கட்டண நிறுத்தங்களில் விட்டு நடக்க வேண்டும், காருக்குள் பை எதுவும் கண்ணில் படும்படி இருக்கக் கூடாது. மெட்ரோலிங்க் ரயிலில் வந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

எதிரே உள்ள பழைய நீதிமன்றம் 2025 மே மாதம் மறுபடி திறந்திருக்கிறது. அடிமையாக இருந்த ட்ரெட் ஸ்காட் தன் விடுதலைக்காக 1847-இலும் 1850-இலும் வழக்காடிய கட்டடம் அது. 1857-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அவசரப்படாமல், மழுப்பாமல் அந்தக் கதையைச் சொல்லும் பூங்கா ரேஞ்சர்களுக்கு நன்றி.

ஈட்ஸ் பாலத்தில் நடந்துபோய் ஆர்ச்சைப் படம் எடுக்கிறோமே, அதற்கு யாருக்கு நன்றி சொல்வது? 1874-இல் திறந்த பாலம். பொதுமக்களின் சந்தேகம் தீர ஒரு யானையை அதன் மேல் நடத்திக் காட்டினார்கள். பலமில்லாத தரையில் யானை கால் வைக்காது என்று நம்பிய காலம். தூண்களுக்காக ஆற்றடியில் அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் இறங்கி வேலை செய்தவர்கள் வேகமாக மேலே ஏறியபோது இரத்தத்தில் நைட்ரஜன் குமிழியாகி, பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த நோயின் காரணம் அன்று யாருக்கும் விளங்கவில்லை. நாம் நடப்பது அவர்கள் தாங்கிய பாலத்தில்.

ஆற்றை நன்றாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்களை நாங்கள் ஆல்டன் ஊருக்கு அனுப்புகிறோம். சுற்றுலாக் கையேடுகள் ஒரு வரியில் கடந்துவிடும் மெல்வின் பிரைஸ் அணை, எங்களைக் கேட்டால் இந்தப் பகுதியின் மிகச் சிறந்த காட்சி. மிசிசிப்பியின் மேல்பகுதியில் படகுகள் ஓட ஒன்பதடி ஆழமாவது வேண்டும்; அதற்காக ஆற்றையே படிப்படியாகத் தேக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்குப் படகை ஏற்றி இறக்குவது ‘லாக்’ என்னும் கதவு போட்ட தொட்டி. பம்ப் கிடையாது, வால்வைத் திறந்தால் மேல்மட்டத்துத் தண்ணீர் தானே உள்ளே பாயும், படகு உயரும். பெரிய தொட்டி 1,200 அடி நீளம், 110 அடி அகலம். 195 அடி நீளமும் 35 அடி அகலமும் உள்ள ‘பார்ஜ்’ என்னும் சரக்குப் படகுகளை மூன்று வரிசையில் ஐந்தைந்தாகக் கட்டினால் மொத்தம் 15. தள்ளும் படகோடு சேர்த்து ஒரே தடவையில் உள்ளே அடங்கும். 600 அடி மட்டுமே உள்ள பழைய தொட்டிகளில் கட்டை அவிழ்த்து இரண்டு தடவையாக அனுப்ப வேண்டும். 105 அடி அகலச் சரக்கு 110 அடிக்குள் நுழைகிறது என்றால் இரு பக்கமும் சேர்த்து மிச்சம் ஐந்தே அடி! அதைச் சுவரில் உரசாமல் கொண்டுவரும் படகோட்டிகளுக்கும், இதையெல்லாம் இலவசமாகச் சுற்றிக்காட்டி விளக்கும் ராணுவப் பொறியாளர் படை ஊழியர்களுக்கும் பெரிய நன்றி. பக்கத்திலுள்ள ஆறுகளின் அருங்காட்சியகமும் இலவசம். சுற்றிக்காட்டும் நேரத்தை முதலிலேயே கேட்டுக்கொண்டு போகவும். படகு வரும் நேரத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

திரும்பும் வழியில் செயின் ஆஃப் ராக்ஸ் பாலம். 1929-இல் திறந்தது, பழைய ரூட் 66 நெடுஞ்சாலை இதன் மேல்தான் போனது. ஒரு மைலுக்குச் சற்று அதிகம், நடுவில் திடீரென்று திரும்பும். 1999 முதல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும். ஆற்றுக்குள் கோட்டை போல நிற்பவை குடிநீர் எடுக்கும் கோபுரங்கள். நிழலே இல்லாததால் கோடையில் மாலை நேரமே சரி. ஜனவரிக் குளிரைத் தாங்குகிறவர்களுக்கு மீன் பிடிக்க வரும் வெண்தலைக் கழுகுகள் தெரியும். தொலைநோக்கியை நிறுத்திக் காட்டும் தன்னார்வலர்களுக்கு, உறைந்த விரல்களோடு ஒரு கும்பிடு.

கஹோகியா மண்மேடுகளுக்குப் போகிறவர்கள் வழிகாட்டிச் செயலியில் ‘கஹோகியா’ என்று மட்டும் அடித்தால் அதே பெயருள்ள வேறொரு ஊருக்குப் போய்ச் சேர்வார்கள். இடம் இல்லினாய் மாநிலத்துக் காலின்ஸ்வில். பூர்வகுடிகள் கூடைகூடையாக மண் சுமந்து எழுப்பிய பெரிய மேடு நூறடி உயரம். 150-க்கும் மேற்பட்ட படிகள். 1982 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது.

சிட்டி மியூசியத்தின் வெல்டர்களே! பழைய காலணிக் கிடங்கைக் குகையும் சறுக்குமரமுமாக மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள். மாடி மாடியாகக் காலணிகளை இறக்கிய சுருள் பாதையில் இன்று குழந்தைகள் பத்து மாடி சறுக்கி வருகிறார்கள். வெளியே இரண்டு விமான உடல்கள் அந்தரத்தில் நிற்க, கூரை விளிம்பில் பள்ளிப் பேருந்து ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. முழு நீள பேண்ட், மூடிய ஷூ, முட்டிக்கு உறை மூன்றும் கட்டாயம் என்றே சொல்வோம். பாவாடையோ துப்பட்டாவோ கம்பியில் மாட்டும். குழந்தை நுழையும் துளையில் அப்பா நுழைய முடியாமல் நிற்பது தினசரிக் காட்சி. எங்கே சந்திப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மழை பெய்தால் கூரையும் வெளிப்பகுதியும் மூடப்படும்.

தாவரவியல் பூங்காவின் கிளைமேட்ரான் கண்ணாடிக் கூடத்தில் வாழையும் காப்பிச் செடியும் வளர்க்கும் தோட்டக்காரர்களுக்கு, ஜனவரியில் ஊர் ஏக்கத்தோடு வரும் பாட்டிமார்கள் சார்பில் நன்றி. அங்கே நுழைவுக் கட்டணம் உண்டு.

சாப்பாட்டு விஷயத்தில் பொறுமையாகப் பதில் சொல்லும் கடை ஊழியர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். டெட் ட்ரூஸ் கடையில் கோப்பையைத் தலைகீழாகப் பிடித்தும் விழாத ‘கான்கிரீட்’ கொடுப்பார்கள். அது ஐஸ்கிரீம் அல்ல, கஸ்டர்ட். முட்டை மஞ்சள்கரு சேர்ந்தது. இந்த ஊரின் பொரித்த ரவியோலிக்குள் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் ஆர்டர் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, மிசிசிப்பியின் நீர்மட்டத்தை அன்றாடம் வெளியிடும் தேசிய வானிலைச் சேவையினருக்கு. ஆற்றங்கரைக்குக் கிளம்பும் முன் நாங்கள் பார்ப்பது அந்த ஒரு எண்ணைத்தான். 30 அடி என்றால் வெள்ள மட்டம். அதைத் தாண்டி ஏறினால் ஆற்றோரச் சாலை மூடப்படலாம், ஆர்ச்சுக்குக் கீழிருந்து கிளம்பும் படகுச் சவாரி ரத்தாகலாம். 1993-இல் 49.6 அடி வரை போனது. வறண்ட காலத்தில் அளவு மைனஸில் போவதும் உண்டு. ஆறு வற்றிவிட்டதா என்று கேட்பார்கள். இல்லை, அளவுகோலின் சுழியம் ஆற்றின் அடித்தளம் அல்ல. அதற்குக் கீழேயும் கப்பல் போகும் ஆழம் இருக்கும். கரையில் சரிந்து கிடக்கும் பழைய கற்பாவு வழுக்கும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். தண்ணீரில் கால் நனைக்க மட்டும் யாரையும் விடாதீர்கள், நீரோட்டம் வேகமானது.

நன்றியுடன்,
செயின்ட் லூயிஸில் விருந்தாளிகளை ஊர் சுற்றிக்காட்டும் தமிழ்க் குடும்பங்கள்